ட்ரெய்லரோடு மலையேற எந்த எஸ்யூவி? முதலில் எடைக்கணக்கு, அப்புறம் வண்டி

வீட்டில் நான்கு பேர், சாமான் ஏற்றினால் 1600 கிலோ வரும் ஒரு கேரவன் (வண்டிக்குப் பின்னால் இழுத்துப் போகும் வீட்டு ட்ரெய்லர்), வருடத்துக்கு இரண்டு முறை சில ஆயிரம் கிலோமீட்டர் பயணம், வழியில் 2500 மீட்டர் உயரம் வரை மலைப்பாதை. 3500 கிலோ இழுக்கும் என்று போட்டிருக்கும் பெரிய டீசல் வண்டியை வாங்கினால் கண்ணை மூடிக்கொண்டு போகலாமா, இல்லை 2000 கிலோ இழுக்கும் நடுத்தர பெட்ரோல் வண்டியே போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கண்ணை மூடிக்கொண்டு எதையும் வாங்க முடியாது. 3500 என்று எழுதிய வண்டியும் உங்களுக்குப் போதாமல் போகலாம், ஏன் என்று சொல்கிறேன்.

எல்லோரும் முதலில் பார்ப்பது இழுவைத்திறன் எண்ணைத்தான். ஆனால் நடைமுறையில் முதலில் கையைக் கடிப்பது அது இல்லை, வண்டி தன் முதுகில் எவ்வளவு சுமக்கலாம் என்ற எண். ட்ரெய்லர் வண்டிக்குப் பின்னால் சும்மா உருண்டு வருவதில்லை, அதன் மூக்கு உங்கள் வண்டியின் கொக்கிமேல் உட்கார்ந்திருக்கிறது. அந்த மூக்கு எடை ட்ரெய்லர் எடையில் 10 சதவீதம் என்று வைத்தால் உங்களுக்கு 160 கிலோ. அது முழுக்க வண்டியின் சுமைக்கணக்கில் சேரும். இப்போது கூட்டுங்கள்: நான்கு பேர் 280 கிலோ, டிக்கியில் சாமான் 120, கொக்கியும் அதன் சட்டமும் 25, மூக்கு எடை 160. மொத்தம் 585. நடுத்தர எஸ்யூவி பலவற்றின் சுமைத்திறன் 500க்கும் 600க்கும் நடுவில்தான் நிற்கும், பெரிய சன்ரூஃப், மூன்றாம் வரிசை இருக்கை என்று எல்லாம் வைத்த விலை உயர்ந்த மாடலில் இன்னும் குறையும், ஏனென்றால் அந்த வசதிகளும் எடைதான். ஆக, 2000 கிலோ இழுக்கும் என்று சொன்ன வண்டி 1600 கிலோவிலேயே தன் முதுகு எல்லையைத் தொட்டுவிடுகிறது. (சில நாடுகளில் ஓட்டுநருக்கென்று 75 கிலோவை வண்டி எடையிலேயே சேர்த்திருப்பார்கள், சில நாடுகளில் சேர்க்க மாட்டார்கள். கையேட்டில் அடிக்குறிப்பைப் படியுங்கள்.)

பெரிய வண்டியில் வேறு மாதிரி வினை இருக்கிறது. வண்டியும் ட்ரெய்லரும் சேர்ந்து தாண்டக்கூடாத கூட்டு எடை என்று ஒன்று உண்டு, விளம்பரத்தில் அதைப் பெரிய எழுத்தில் போட மாட்டார்கள். ஒரு கணக்குக்குச் சொல்கிறேன்: கூட்டு எடை 6000, இழுவை 3500 என்றால் முழு 3500ஐயும் இழுக்கும்போது வண்டிக்கு மிஞ்சுவது 2500. காலி வண்டியே 2350 என்றால், ஓட்டுநர் ஏறி ஒரு பை வைத்ததும் கதை முடிந்தது, குடும்பம் பேருந்தில்தான் வர வேண்டும். உங்கள் ட்ரெய்லர் 1600 என்பதால் இந்தச் சிக்கல் உங்களைத் தொடாது. ஆனால் நாளைக்குப் பெரிய கேரவன் வாங்கலாம் என்ற ஆசை இருந்தால் இந்த எண்ணைக் கேட்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

இழுவை எண்ணையே எடுத்துக்கொண்டாலும், அது வண்டியோடு பிறந்த குணம் இல்லை. சுபாரு ஃபாரஸ்டருக்கு அமெரிக்காவில் வெகுகாலம் 680 கிலோதான் சொன்னார்கள், ஆஸ்திரேலியாவில் அதே வண்டிக்கு அதைப்போல் இரு மடங்குக்கு மேல். அமெரிக்காவில் மூக்கு எடை 10 முதல் 15 சதவீதம் வேண்டும் என்பார்கள், ட்ரெய்லரோடு நெடுஞ்சாலையில் வேகமாகவும் போவார்கள். ஐரோப்பாவில் மூக்கு எடை குறைவு, ட்ரெய்லர் வேகமும் குறைவு, ஜெர்மனியில் பொதுவாக 80 கிலோமீட்டர்தான் எல்லை. ஆகவே ஒரு நாட்டுக் காணொளியைப் பார்த்துவிட்டு இன்னொரு நாட்டு வண்டியை வாங்க வேண்டாம், நீங்கள் வாங்கும் அந்த வண்டியின் கதவு ஓரத் தகட்டிலும் கையேட்டிலும் எழுதியிருப்பதுதான் கணக்கு.

நம்பக்கூடிய சோதனை என்று கேட்டால் எஸ்ஏஇ என்ற வாகனப் பொறியாளர் சங்கத்தின் ஜே2807 என்ற இழுவைத் தரநிலையைச் சொல்வேன், 2008ல் வந்தது. அரிசோனாவில் டேவிஸ் டேம் ஏற்றம் என்று சுமார் 18 கிலோமீட்டர் நீளமான மேடு, கொளுத்தும் வெயிலில் ஏசியை முழுதாக வைத்துக்கொண்டு, ட்ரெய்லரை இழுத்தபடி ஏற வேண்டும், சாதாரண வண்டி மணிக்கு 64 கிலோமீட்டருக்குக் கீழே விழக்கூடாது. இதில் தேறிய எண் என்றால் மரியாதை உண்டு. 2006ல் ஃபோக்ஸ்வாகன் டுவாரெக் ஒரு போயிங் 747ஐ இழுத்த கதையை யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள். இழுத்தது உண்மைதான், ஆனால் சக்கரம் வழுக்காமல் இருக்க வண்டிக்குள் டன் கணக்கில் எடை ஏற்றி, சமதளத்தில், நடை வேகத்தில் இழுத்தார்கள். மேடு ஏறுவது அப்புறம் இருக்கட்டும், மேட்டிலிருந்து அதை இறக்கச் சொல்லியிருக்க வேண்டும்.

இறக்கம்தான் இந்தப் பதிலில் நான் அதிகம் பேச நினைப்பது. ஏற்றத்தில் வண்டி திணறினால் மெதுவாகப் போவீர்கள், பின்னால் வருகிறவன் ஹாரன் அடிப்பான், அவ்வளவுதான். இறக்கத்தில் திணறினால் நிற்க முடியாது. உங்கள் வண்டி, ஆட்கள், ட்ரெய்லர் எல்லாம் சேர்ந்து சுமார் 4000 கிலோ. 1000 மீட்டர் உயரம் இறங்கும்போது அந்த எடை விட்டுக்கொடுக்கும் ஆற்றல் ஏறக்குறைய 39 மெகாஜூல், அதாவது ஒரு லிட்டர் டீசலை எரித்தால் வரும் வெப்பத்தை விடக் கொஞ்சம் அதிகம். காற்றும் டயரும் அதில் ஒரு பங்கைத் தின்னும், மீதியை என்ஜின் வாங்கிக்கொள்ள வேண்டும், என்ஜின் வாங்காததெல்லாம் பிரேக் தட்டில் சூடாக இறங்கும். நான்கு இரும்புத் தட்டுகள்மேல் முக்கால் லிட்டர் டீசலை ஊற்றிக் கொளுத்தினால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

எனக்கு இது புத்தகத்தில் வந்த ஞானம் இல்லை. பல வருடங்களுக்கு முன் நண்பர் ஒருவரின் வண்டியில் ட்ரெய்லரை மாட்டிக்கொண்டு நீண்ட இறக்கம் ஒன்றில் கியரை டி-யிலேயே வைத்து, வளைவுக்கு வளைவு பிரேக்கைத் தொட்டுத் தொட்டு வந்தேன். முதலில் ஒரு கருகிய வாடை, முன்னால் போகிற லாரி என்று நினைத்தேன். அப்புறம் பெடல் வழக்கத்தைவிட இரண்டு விரல் ஆழம் போனது. அடுத்த வளைவில் நனைந்த பஞ்சை மிதித்த மாதிரி இருந்தது. கியரைக் கையால் கீழே தட்டித் தட்டி, என்ஜின் அலற, ஒதுங்க இடம் கிடைத்ததும் நிறுத்தினேன். இறங்கிப் பார்த்தால் முன்சக்கரத்தின் நடுவிலிருந்து மெல்லிய புகை, கையைப் பக்கத்தில் கொண்டுபோகவே முடியவில்லை. சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். தண்ணீர் ஊற்றலாம் என்று ஒருவர் சொன்னார், நல்லவேளை ஊற்றவில்லை. அந்தச் சூட்டில் தண்ணீர் பட்டால் தட்டு வெடித்தோ கோணியோ போகும்.

நடந்தது என்ன என்று பின்னால் தெரிந்தது. பிரேக் திரவம் ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 என்ற வகைத் திரவம் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது, ஈரம் ஏறிய பிறகு தரநிலை கேட்பதே 155 டிகிரிதான். கொதித்தால் குழாய்க்குள் குமிழி, குமிழியை அழுத்தினால் அது சுருங்கும், பெடல் தரைக்குப் போகும். அந்த வண்டியில் திரவம் மாற்றி எத்தனை வருடம் ஆயிற்று என்று உரிமையாளருக்கே நினைவில்லை. மலைப் பயணத்துக்கு முன் அதை மாற்றுவதற்கு ஆகும் செலவு ஒரு டயர் விலையைக்கூடத் தொடாது.

ஆகவே வண்டியைப் பார்க்கப் போகும்போது கேட்க வேண்டியது, இறக்கத்தில் இந்த என்ஜின் எவ்வளவு இழுத்துப் பிடிக்கும் என்பது. இதில் டீசலைப் பற்றி ஒரு தவறான நம்பிக்கை இருக்கிறது. டீசல் என்ஜினுக்கு இழுவிசை அதிகம், அதனால் இறக்கத்திலும் நன்றாகப் பிடிக்கும் என்பார்கள். பெட்ரோல் என்ஜினில் ஆக்சிலரேட்டரை விட்டதும் காற்று வழி மூடிக்கொள்ளும், என்ஜின் வெற்றிடத்தை எதிர்த்து இழுக்க வேண்டியிருக்கும், அதுதான் பிடிப்பு. சாதாரண டீசலில் அப்படி மூடுவதில்லை. கியரை எவ்வளவு கீழே கொண்டுவர முடிகிறது என்பதை வைத்துத்தான் அதன் பிடிப்பு அமைகிறது, எட்டு கியர் உள்ள ஆட்டோமேட்டிக்கில் கையால் இரண்டாவதோ மூன்றாவதோ போட்டு அங்கேயே பூட்டி வைக்க முடிந்தால் நல்லது. சில வண்டிகள் கையால் மாற்றினாலும் கொஞ்ச நேரத்தில் 'எனக்குத் தெரியும்' என்று மேல் கியருக்குத் தாவிவிடும். ஓட்டிப் பார்க்கும்போதே சோதித்துக்கொள்ளுங்கள். ஹைபிரிட் (பெட்ரோல் என்ஜினோடு மின்மோட்டாரும் உள்ள வண்டி) என்றால் முதல் சில நூறு மீட்டர் இறக்கம் சொர்க்கமாக இருக்கும், அதற்குள் சின்ன பேட்டரி நிரம்பிவிடும், அதன்பின் மின் பிரேக் கிடையாது, என்ஜினைச் சுழலவிட்டுத்தான் பிடிக்க வேண்டும். சத்தம் வரும், பயப்பட வேண்டாம், அது வேலை செய்கிற சத்தம்.

ட்ரெய்லரின் பிரேக்கையும் மறந்துவிடாதீர்கள். ஐரோப்பிய விதியில் 750 கிலோவுக்கு மேல் போனால் ட்ரெய்லருக்குத் தனி பிரேக் வேண்டும், உங்கள் 1600க்கு எந்த ஊரானாலும் வேண்டும் என்பது என் கட்சி. ட்ரெய்லர் முன்னால் தள்ளும் அழுத்தத்திலேயே தானாகப் பிடிக்கும் வகை பிரேக் என்றால் ஒன்று கவனியுங்கள்: நீங்கள் கியரில் பிடித்துக்கொண்டு இறங்கும்போதும் ட்ரெய்லர் தள்ளிக்கொண்டேதான் வரும், அதனால் அதன் பிரேக் இறக்கம் முழுக்க உரசிக்கொண்டே வரும். நிறுத்தும் இடத்தில் ட்ரெய்லர் சக்கரத்துக்கு அருகே போய் வாடையைப் பாருங்கள். ஓட்டுநர் இருக்கையிலிருந்தே கட்டுப்படுத்தும் மின்சார பிரேக் கிடைத்தால் அதற்குத்தான் என் ஓட்டு.

ஏற்றத்துக்கு வருவோம். 7 சதவீத மேட்டில் 4000 கிலோவை மணிக்கு 80 கிலோமீட்டரில் தூக்க, தூக்குவதற்கு மட்டுமே 80 குதிரைத்திறனுக்கு மேல் வேண்டும். கேரவனின் தட்டையான முகத்தில் மோதும் காற்றையும் டயர் உருளலையும் சேர்த்தால் 110ஐத் தாண்டும், கியர்பெட்டி தின்பது தனி. 2500 மீட்டரில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் இருப்பதில் 78 சதவீதம்தான். டர்போ இல்லாத 180 குதிரைத்திறன் பெட்ரோல் என்ஜின் அங்கே 140 கொடுத்தால் பெரிது, அதுவும் மீட்டர் முள் சிவப்புக் கோட்டைத் தொடும்போது. ஏறும், ஆனால் அலறிக்கொண்டு ஏறும், பின்னிருக்கையில் யாரும் பேச முடியாது. டர்போ இருந்தால் மெல்லிய காற்றையும் அமுக்கி உள்ளே தள்ளுவதால் இழப்பு வெகு குறைவு. ஆனால் டர்போ சுழலத் தொடங்கும் வரை அது வெறும் சின்ன என்ஜின்தான், உயரத்தில் இன்னும் சின்ன என்ஜின். கொண்டை ஊசி வளைவில் வேகம் செத்து மறுபடி கிளம்பும்போது ஒரு கணம் ஆளே இல்லாத மாதிரி இருக்கும். ட்ரெய்லரோடு 1.5 லிட்டர் டர்போவில் அந்தக் கணம் நீளமாகத் தெரியும், 2.8 அல்லது 3 லிட்டர் டீசலில் தெரியவே தெரியாது. காகிதத்தில் இரண்டும் ஒரே குதிரைத்திறன் காட்டினாலும் இதற்காகவே பெரிய என்ஜினை எடுப்பேன்.

கியர்பெட்டியில், கிளட்சுக்குப் பதில் எண்ணெய் வழியாக விசையைக் கடத்தும் பழைய மாதிரி டார்க் கன்வெர்ட்டர் ஆட்டோமேட்டிக் தான் ட்ரெய்லருக்கு. உலர் இரட்டை கிளட்ச் பெட்டியை மேட்டில் ஊர்ந்து ஊர்ந்து, அதுவும் ட்ரெய்லரைப் பின்னால் வைத்து ரிவர்ஸில் ஏற்றிப் பாருங்கள், கிளட்ச் சூடாகி எச்சரிக்கை விளக்கு எரியும். தனித்தனி கியர் இல்லாமல் பெல்ட்டில் ஓடும் சிவிடி லேசான சுமைக்குச் சரி. எதுவானாலும் கியர் எண்ணெய்க்குக் குளிர்விப்பான் இருக்கிறதா, இழுவைத் தொகுப்போடு வருகிறதா என்று கேளுங்கள். இதைப் பின்னால் மாட்டிக்கொள்ளலாம் என்று விற்பனையாளர் சொன்னால், வாரண்டி நிற்குமா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

வண்டியின் நீளம் பற்றி இரண்டு வார்த்தை. முன் பின் அச்சுக்கு நடுவே தூரம் அதிகமாகவும், பின் அச்சிலிருந்து கொக்கி வரை தூரம் குறைவாகவும் இருந்தால் ட்ரெய்லர் ஆட்டம் வண்டியை அவ்வளவாக அசைக்காது. 2.8 மீட்டருக்கு மேல் அச்சு இடைவெளி இருந்தால் எனக்கு நிம்மதி. ட்ரெய்லர் வாலாட்டத் தொடங்குவதற்கு முக்கால்வாசிக் காரணம் சாமானைப் பின்பக்கம் அடுக்கி மூக்கைத் தூக்கிவிடுவதுதான், கனமானதை ட்ரெய்லர் அச்சுக்குச் சற்று முன்னால், தரையோடு வையுங்கள். ஆட ஆரம்பித்துவிட்டால் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். வேகம் கூட்டி இழுத்து நேராக்கலாம் என்று சொல்பவர்களோடு பயணம் போகாதீர்கள்.

நான்கு சக்கர இயக்கம் வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். உலர்ந்த தார்ச்சாலையில் மலை ஏற அது தேவையில்லை. ஈரப் புல்லில் நிற்கும் கேரவனை இழுத்து வெளியே கொண்டுவர, சரளை மேட்டில் கிளம்ப, பனியில் போக, இதற்கெல்லாம் வேண்டும், உங்கள் பயணத்தில் இது வரும் என்பதால் வாங்குங்கள். ஆனால் அது கிளம்பத்தான் உதவும், நிறுத்துவதற்கும் வளைவில் ஒட்டுவதற்கும் டயர்தான். தேவைப்படும்போது மட்டும் போடும் பழைய வகை 4x4ஐ உலர்ந்த சாலையில் போட்டு ஓட்டினால் வளைவில் முன் பின் அச்சுகள் ஒன்றையொன்று முறுக்கும், ஸ்டீயரிங் கனக்கும், உள்ளே எதையாவது உடைக்கும். பனி உள்ள பாதை என்றால் டயர் பக்கவாட்டில் மூன்று முகடு மலைக்குள் பனித்துகள் சின்னம் இருக்கிறதா என்று பாருங்கள், சேறு, பனி என்பதைக் குறிக்கும் வெறும் எம்+எஸ் எழுத்தை நம்ப வேண்டாம். டயரின் சுமைக் குறியீட்டையும் பாருங்கள். 100 என்றால் ஒரு டயர் 800 கிலோ தாங்கும், 110 என்றால் 1060. மூக்கு எடை முழுக்கப் பின் டயர்களில் விழுவதால், முழுச் சுமைக்கு என்று கதவுத் தகட்டில் போட்டிருக்கும் காற்றழுத்தத்தைப் பின்னால் வைக்காமல் கிளம்பாதீர்கள்.

நீண்ட பயணச் சுகம் பற்றி எல்லோரும் எழுதுவதால் சுருக்கமாகச் சொல்கிறேன். இருக்கையில் ஐந்து நிமிடம் உட்கார்ந்து முடிவெடுக்காதீர்கள், நாற்பது நிமிடம் ஓட்டிவிட்டு இடுப்பு என்ன சொல்கிறது என்று கேளுங்கள். எரிபொருள் தொட்டி பெரிதாக இருக்கட்டும், ட்ரெய்லர் மாட்டினால் செலவு ஒன்றரை மடங்கு ஆவது சாதாரணம். ஸ்டெப்னி முழு அளவு இருக்க வேண்டும். மெல்லிய தற்காலிகச் சக்கரமோ பஞ்சர் திரவ டப்பாவோ கொடுத்துவிட்டுப் புன்னகைக்கும் வண்டியை ட்ரெய்லரோடு ஆளில்லாத மலைக்குக் கொண்டுபோக எனக்குத் தைரியமில்லை. கூரைமேல் சாமான் ஏற்றுவதைத் தவிருங்கள், பல வண்டிகளில் அதன் எல்லை 75 முதல் 100 கிலோதான், சட்டத்தின் எடையும் அதில் சேர்த்தி.

மின்சார எஸ்யூவி யோசனை இருந்தால்: உயரத்தில் திறன் குறையாது, இறக்கத்தில் பெரிய பேட்டரி ஆற்றலைத் திரும்ப வாங்கிக்கொள்ளும், இந்த இரண்டிலும் அதை அடிக்க ஆளில்லை. ஆனால் கேரவன் மாட்டினால் ஓடும் தூரம் பாதியாகலாம், சார்ஜ் போடும் பல இடங்களில் ட்ரெய்லரைக் கழற்றித்தான் நிறுத்த முடியும். மழையில் இரண்டு முறை கழற்றி மாட்டினால் கல்யாணமே ஆட்டம் காணும்.

சரி, உங்கள் இரண்டு வண்டிக்கு வருகிறேன். 2000 கிலோ பெட்ரோல் வண்டி வேண்டாம். அது 1600ஐ இழுக்காமல் இல்லை, சுமைக்கணக்கு உங்கள் நான்கு பேரோடு முட்டுகிறது, அவ்வளவுதான். பிள்ளைகள் சின்னவர்கள், ட்ரெய்லரை 1200க்குக் குறைப்போம் என்றால் மறுபடி பேசலாம். பெரிய டீசல் பக்கம் என்றால் 500 நியூட்டன் மீட்டர் இழுவிசை தரும் 2.8 லிட்டர் டொயோட்டா பிராடோ, 600 தரும் ஃபோர்டு எவரெஸ்ட் வி6, அடியில் தனி இரும்புச் சட்டகம் இல்லாத உடம்பு என்றாலும் 3500 இழுக்கும் டுவாரெக், இந்த வகையில் உங்கள் நாட்டில் எது கிடைக்கிறதோ, எதற்குப் பட்டறை பக்கத்தில் இருக்கிறதோ அது. தனிச் சட்டகம் இருந்தால்தான் இழுக்கும் என்பதை நம்ப வேண்டாம். கரடுமுரடான பாதையில் வருடக்கணக்கில் அடிவாங்க அது நல்லது, தார்ச்சாலையில் நாள் முழுக்க ஓட்ட டுவாரெக் மாதிரி உடம்பு சுகம்.

வாங்குவதற்கு முன் ஒன்று செய்யுங்கள். பயணத்துக்குப் போவது போலவே கேரவனை நிரப்பி, தண்ணீர்த் தொட்டி, காஸ் சிலிண்டர் எல்லாம் ஏற்றி, இழுக்கத் தகுந்த வண்டியை யாரிடமாவது இரவல் வாங்கி எடைமேடைக்குக் கொண்டுபோங்கள். 1600 என்று நீங்கள் சொல்வது தகட்டு எண்ணா, நிறுத்துப் பார்த்த எண்ணா? பெரும்பாலும் நிறுத்தால் நூறு இருநூறு கிலோ கூடுதலாகத்தான் வரும். மூக்கு எடையையும் தனியாக நிறுத்துக்கொள்ளுங்கள். அந்த இரண்டு எண்ணையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, ஷோரூமில் விற்பனையாளர் பேச ஆரம்பிப்பதற்கு முன் அவர் மேஜைமேல் வையுங்கள். அவர் விளம்பரப் பிரதியை எடுக்கிறாரா, கையேட்டைத் திறக்கிறாரா என்று பாருங்கள்.